நான்காம் நிரல்

6 ஜனவரி 2025, திங்கள்

ஆஸ்பத்திரியில் கொடுத்த பட அட்டையை அப்பா இன்றும் தள்ளிவிட்டார். அதில் இருக்கும் தம்ளர் எங்கள் தம்ளர் இல்லை. கட்டில் எங்கள் கட்டில் இல்லை. தலைவலி என்பதற்கு ஒரு பொன்னிற முடிக்காரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

பேச்சுப் பயிற்சி தரும் சாருலதா மேடம் மாட்டுங்காக்காரர். அட்டையை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "இவன் யாருன்னே அவருக்குத் தெரியாதே. உங்காத்துப் படமாவே எடுத்துப் போடுங்கோ. தொட்டாப் பெரிசாகணும். அவ்வளவுதான்."

தொட்டால் பெரிதாவதற்கு லைட்பாக்ஸ் என்று பெயர். சின்னப் படத்தைத் தொட்டதும் பக்கம் இருண்டுபோகும். அந்தப் படம் மட்டும் நடுவில் பெரிதாக நிற்கும். ஆயத்தமாகப் பல கிடைக்கின்றன. எல்லாம் நல்ல உடம்புக்காரர்களுக்குச் செய்தவை.

நானே எழுதுகிறேன். விக்கிப்பீடியா மாதிரி எனக்கென்று வைத்திருக்கும் என் விக்கிக்குள்ளேயே. எம்.ஏ. படிக்கும்போது தொடங்கியது அது. படித்தவை, மனிதர்கள், தெருக்கள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இணைப்புகள். ஆறு வருடமாக அதற்கு ஒரே வாசகி. இனி இரண்டு பேர். இரண்டாமவருக்கு எழுத்து போய்விட்டது.

9 ஜனவரி, வியாழன்

ஒருமுறை எழுதிவிட வேண்டும். பிறகு எழுத வேண்டியதில்லை.

நவம்பர் 10. அம்பர்நாத்திலிருந்து வேல்ராஜ் வீட்டார் வந்தார்கள். பூ வைக்க நாள் குறித்தார்கள். நான் சாயா கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் ரயில் ஏறிய பிறகு வேல்ராஜுக்கே போன் செய்து, எனக்கு இஷ்டமில்லை என்றேன். நல்ல மனிதர். "சரிங்க, நா வீட்ல பேசிக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலை அவருடைய அப்பா என் அப்பாவை அழைத்திருக்கிறார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். மாட்டுங்காவில் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டின் தலைமேல் நின்றுகொண்டு, கையில் எண்ணெயோடு, அந்த போனைக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னார்: "எங்கிட்டச் சொல்லல. அவங்கிட்டச் சொல்லியிருக்கா."

அன்றிலிருந்து பதினோரு நாள் அப்பா என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் மூளையின் இடப்பக்கம் ரத்தம் கட்டியது. வலது கை, வலது கால், பேச்சு. மிஞ்சியது ஒரு சொல்: "அதான்." பசித்தாலும் அதான். கோபத்துக்கும் அதான்.

இப்போது நடப்பது எந்த மௌனம்? பதினோரு நாளின் தொடர்ச்சியா, பன்னிரண்டாம் நாளுடையதா?

யாரைக் கேட்பது?

12 ஜனவரி, ஞாயிறு

முதல் பக்கம் முடிந்தது. இடமிருந்து வலம் நான்கு நிரல், மேலிருந்து கீழ் மூன்று வரிசை, பன்னிரண்டு படங்கள். எங்கள் தம்ளர். எங்கள் கட்டில். சந்துமுனையில் இருக்கும் பொதுக் கக்கூஸின், எங்கள் வாயில் சண்டாஸின், நீலக் கதவு. வலிக்கு அம்மாவை நெற்றியைப் பிடிக்கச் சொல்லி எடுத்தேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை.

நெருளிலிருந்து அண்ணன் வந்திருந்தான். எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"ஏட்டி, எம்படம் வேற கெடைக்கலியா ஒனக்கு? பனியனோட நிக்கேன்."

"அப்பாவுக்குத் தெரிஞ்ச காளிராஜ் அதாம்."

"மேல ஒரு வரிசைக்கு ரேஷன் கார்டு கணக்கால்லா வச்சிருக்க. நயினார், இசக்கியம்மாள், காளிராஜ், ஸ்ரீதேவி. மாவு மட்டுந்தாம் வாங்கல."

அப்போதுதான் கவனித்தேன். ஆமாம், அதே வரிசை. குடும்பத் தலைவர், மனைவி, மகன், கடைசியில் மகள். வேறு எப்படி வைப்பது? என்னை முன்னால் வைக்கக் கை வராது.

பெயர்களை இங்கிலீஷில் போடச் சொன்னான். தமிழ் படிக்க அவனுக்கு அரை நாள் ஆகுமாம். இங்கிலீஷ், தமிழ் இரண்டுமே போடவில்லை. பெயர் தெரிந்தவருக்குத்தான் இது.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். அடுப்பு ஏறுவதற்கு முன், படப் பக்கத்தைத் திறந்து டேப்லெட்டை அப்பா மடியில் வைத்தேன்.

இடது ஆட்காட்டி விரல். முதலில் நகத்தால் தொட்டார், ஒன்றும் ஆகவில்லை. பிறகு விரல்நுனி. அம்மாவின் படம் பெரிதானது. வாய் லேசாகத் திறந்தது. "அதான்," என்றார். இந்த மாதத்தில் கேட்ட மிக நல்ல அதான்.

பிறகு வெளியே வரத் தெரியவில்லை. மூடுவதற்கான குறி மேலே வலது மூலையில். உலகம் முழுக்க அது அங்கேதான் இருக்கிறது. அப்பா இருட்டுக்குள் மாட்டிக்கொண்டார். திரையை உள்ளங்கையால் அடித்தார். நான் பிடுங்கினேன். பிடுங்கியிருக்கக் கூடாது.

இடது கைக்கு வலது மூலை தூரம். அதுதான் காரணம். மாற்றிவிட்டேன்: எங்கே தொட்டாலும் மூடும்.

19 ஜனவரி, ஞாயிறு

எந்தப் படம் எப்போது திறந்தது என்று விக்கி குறித்துவைக்கிறது. குர்லாவில் ரயில் மாறி செம்பூர் ஆபீசுக்குப் போய்விட்டால், பகலில் அப்பா என்ன கேட்டார் என்று எனக்கு வேறு வழியில் தெரியாது.

ஐந்து நாளில் — அம்மா 31. அப்பாவே 9. அண்ணன் 3. நான் 0.

22 ஜனவரி, புதன்

குடும்பப் படங்களுக்குள் இன்னொரு அடுக்கு சேர்த்தேன். ஆளைத் தொட்டால் அவருடைய பழைய படங்களும் வரும். இருபுறமும் அம்புக்குறி. இடது அம்பு முந்தைய படத்துக்கு, வலது அம்பு அடுத்ததுக்கு. அம்மாவுக்கு முப்பத்தொன்பது படங்கள்.

அப்பா இடது அம்பை மட்டுமே அழுத்துகிறார். முந்தையது. முந்தையது. முந்தையது. 2011-லிருந்து 2003. 2003-லிருந்து 1998. அம்மா இளைத்துக்கொண்டே போகிறாள். மடியில் அண்ணன் சிறுத்துக்கொண்டே போகிறான். கல்யாணப் படத்துக்கு வந்த பிறகும் அழுத்துகிறார். அதற்கு முன்னால் படமே இல்லை.

ஒரு மனிதன் காலத்தில் பின்னோக்கி நடந்து, தன் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு போகிறான். கடைசியில் பிறந்த நான், அவர் சாத்திய முதல் கதவு. நான் பிறக்காத வருடத்தில் அவர் இளைப்பாறுகிறார். அங்கே அவரை யாரும் அவமதிக்கவில்லை.

(நன்றாக வந்திருக்கிறது. இதை விக்கியில் தனிப் பக்கமாக்க வேண்டும்.)

26 ஜனவரி, ஞாயிறு

நான் 0.

மெத்தை மறுபடியும் நனைந்தது. இந்த வாரம் நான்காவது. அம்மா விரிப்பை உரிப்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீலக் கதவுன்னு படம் போட்டு வச்சிருக்கால்லா ஒம்ம மவ? அதத் தொட்டா என்ன? கை ஒடிஞ்சா போவும்? வீம்பு. பேச்சு போனாலும் வீம்பு போவல."

அப்பா சுவரைப் பார்த்து, "அதான் அதான் அதான்," என்றார். ஒவ்வொன்றும் சத்தம் கூடியது. பிறகு அழுதார். அழுகை இந்த நோயில் சுலபமாக வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். சுலபமாக வந்தது போல எனக்குத் தெரியவில்லை.

அம்மா சொல்வது சரிதானோ. வீம்பு என்றால் மனசு தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். தெளிவாக இருந்தால், என் பூஜ்யமும் தெளிவானதுதான்.

29 ஜனவரி, புதன்

நான் 0. பார்ப்பதை நிறுத்த வேண்டும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

நிறுத்தவில்லை. 0.

3 பிப்ரவரி, திங்கள்

விக்கி வீட்டு வைஃபையில் மட்டும்தான் ஓடும். அதனால் இத்தனை நாளும் டேப்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. நேற்று ஒரு நகலை அதிலேயே ஏற்றிவைத்து இன்று கொண்டுபோனேன். கொஞ்சம் பெருமையோடுதான்.

சாருலதா மேடம் அப்பாவை ஐந்து நிமிடம் தொடவிட்டுச் சும்மா பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"சண்டாஸ் படத்தை ஏன் அந்த ஓரத்துல வெச்சேள்?"

"எல்லாமே ஒரு வரிசைதானே மேடம்."

"அவருக்கு அந்தப் பக்கம் கிடையாதேம்மா."

புரியவில்லை என்று என் முகம் சொல்லியிருக்க வேண்டும். அவர் பேனாவை எடுத்து அப்பாவின் வலக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். "நயினார் சார், நேரா என் மூக்கைப் பாருங்கோ. பேனா தெரிஞ்சா கையைத் தூக்குங்கோ." மெல்ல முன்னால் கொண்டுவந்தார். கன்னம். கண்ணின் ஓரம். கண்ணுக்கு எதிரே. மூக்கைத் தாண்டிய பிறகுதான் அப்பா இடது கையைத் தூக்கினார்.

"ரெண்டு கண்ணுலயும் வலது பாதி இல்லை. கண்ணு நன்னாத்தான் இருக்கு, மூளைதான் வாங்கிக்கலை. டிஸ்சார்ஜ் பேப்பர்லயே எழுதியிருக்கே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நான் எப்போதும் போல அவருடைய வலப்பக்கம் நின்றிருந்தேன். செயலிழந்த கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று.

4 பிப்ரவரி, செவ்வாய்

டிஸ்சார்ஜ் பேப்பர் விக்கியில் இருக்கிறது. நவம்பரிலேயே நானே ஸ்கேன் செய்து, தேதி போட்டு, இணைப்புக் கொடுத்து வைத்திருக்கிறேன். சிறு படமாக. ஒருமுறைகூடப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

இன்று என் லைட்பாக்ஸில் திறந்தேன். இரண்டாம் பக்கம், ஏழாவது வரி. தெளிவான டைப் எழுத்து.

பிறகு குறிப்புகளைத் திறந்தேன். குடும்ப வரிசையை மட்டும் இல்லை, முழுவதையும். முதல் இரண்டு நிரலில் நூற்றுக்கணக்கில். மூன்றாம் நிரலில் எப்போதாவது. நான்காம் நிரல்:

ஸ்ரீதேவி 0.
சண்டாஸ் 0.
வலி 0.

மூன்று பூஜ்யங்கள் இருந்தன. மூன்று வாரமும் இருந்தன. நான் ஒன்றைத்தான் பார்த்தேன்.

இடது அம்பு. காலத்தில் பின்னோக்கி நடப்பதாம். கதவைச் சாத்துவதாம். மனிதருக்கு வலது அம்பு தெரியவில்லை — அவ்வளவுதான். அதை எழுதிவைத்த விக்கிப் பக்கத்தை அழித்துவிட்டேன். அழித்ததைப் பழைய வடிவங்களில் விக்கி வைத்திருக்கும். இருக்கட்டும்.

வலி 0. அவருக்கு எத்தனை முறை வலித்தது?

5 பிப்ரவரி, புதன்

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்பம் அவரு கேக்க நெனச்சு…"

"ஆமா."

"தேடியிருப்பாரு."

"ஆமாம்மா."

திட்டியதற்கு அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எத்தன வருசம் படிச்ச நீ?"

பதில் சொல்லக் கேட்ட கேள்வி இல்லை. இருந்தும் மனசுக்குள் எண்ணினேன். பதினேழு.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஆபீசில் ஒரு நாள் லீவு சொல்லி, இரண்டு நாள் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன்.

இப்போது ஒரே நிரல். திரையின் இடது பாதியில் மட்டும். வலது பாதி வெறும் கறுப்பு. மேலிருந்து கீழே நகர்த்தினால் போதும். லைட்பாக்ஸிலும் படம் இடதுபக்கமே நிற்கும். பக்கவாட்டு அம்புகள் இல்லை, மேலே, கீழே மட்டும்தான். முதலில் சண்டாஸ். அடுத்தது வலி. அப்புறம் தண்ணீர், சோறு. மனிதர்கள் அதற்குப் பிறகு.

பார்ப்பதற்குக் கோணலாக இருக்கிறது. அண்ணன், "அரே, பாதி ஸ்கிரீன் காலியா கெடக்கே, ஏதாவது டிசைன் போடேன்" என்றான். பிறகு தானே, "ஜானே தே, கெடக்கட்டும்," என்று அப்பாவின் இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்தான். அப்பா அவன் தலையைத் தடவினார். முப்பது வயசுத் தடியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சட்டை போட்டுட்டுதாம் இருக்கேன் பாத்தீயளா," என்றான்.

என் படத்தை எங்கே வைப்பது என்று வெகுநேரம் யோசித்தேன். நான்காம் நிரலில் இருந்தவரை ஒரு சாக்கு இருந்தது. அதை இப்போது நானே எடுக்கிறேன்.

அண்ணனுக்குக் கீழே வைத்தேன்.

10 பிப்ரவரி, திங்கள்

காலை 7.12. சண்டாஸ்.

அம்மா ஓடினாள். நானும் ஓடினேன். சக்கர நாற்காலியில் சந்து முழுக்கத் தள்ளிக்கொண்டு போனோம். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். மெத்தை காய்ந்தே இருக்கிறது.

மதியம் 1.40. வலி. மூன்று முறை. எங்கே வலிக்கிறது என்று அம்மா கேட்டு, தொட்டுக் காட்டச் செய்திருக்கிறாள். தோளைத் தொட்டிருக்கிறார். இரண்டரை மாதமாக அந்தத் தோள் வலித்திருக்கிறது.

16 பிப்ரவரி, ஞாயிறு

சண்டாஸ் 29. வலி 12. அம்மா 20. அண்ணன் 6. மின்விசிறி 5.

நான் 1.

வியாழக்கிழமை, மதியம் 3.05. திறந்தது. நான்கு விநாடியில் மூடியது.

17 பிப்ரவரி, திங்கள்

நான்கு விநாடி எவ்வளவு என்று சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். தவறிப்போய்த் தொட்டதற்கு அதிகம். பார்த்துக்கொண்டிருப்பதற்குக் குறைவு.

சாருலதா மேடமிடம் கேட்டேன், நாம் சொல்வது அப்பாவுக்கு எவ்வளவு புரியும் என்று.

"நிறையப் புரியறது. நிதானமா, சின்னச் சின்ன வாக்கியமா சொல்லணும். ஏன், ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல மேடம். சும்மா."

"சும்மாவா இருந்தா ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லலாம். சும்மா இல்லேன்னா சீக்கிரம் சொல்லிடுங்கோ."

அப்பாவுக்கு இப்போது புதுப் பயிற்சி. தலையை வலப்பக்கம் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். பாதி உலகத்தைக் கழுத்தால் தேடி எடுக்க வேண்டும். பத்து முறை செய்தார். ஒவ்வொரு முறையும் அங்கே ஏதாவது இருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டார். ஜன்னல். நர்ஸ். தன் வலது கை.

20 பிப்ரவரி, வியாழன்

வேலை முடிந்து வந்ததும் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். போன வியாழன் மூன்று மணிக்கு அப்பா என் படத்தைத் தொட்டாரே, அப்போது நீ பக்கத்தில் இருந்தாயா?

"இருந்தேன்."

"என்ன செஞ்சாரு?"

"மொறச்சாரு."

"மொறச்சாரா?"

"பின்ன? கொஞ்சுவாராக்கும்? அம்பர்நாத்துக்காரன் போன எடுத்த அன்னைக்கு மொறச்சாருல்லா, அதே மொறப்பு. அப்பொறம் மூடிட்டு சாயாவத் தொட்டாரு."

சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. அம்மா பயந்துபோய் முதுகில் தட்டினாள். "என்னட்டி, பைத்தியமா?"

அந்த முறைப்பு எனக்குத் தெரியும். பதினோரு நாள் அதோடு இருந்திருக்கிறேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

சொல்ல உட்கார்ந்தேன். சொல்லவில்லை. அண்ணன் இருந்தான். அது காரணம் இல்லை.

எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் வந்தது. அடித்தேன். பாதிப் பக்கம். அதிலும் எனக்குப் பிடித்த வரிகளாகவே இருந்தன. எல்லாவற்றையும் அடித்தேன்.

சின்னச் சின்ன வாக்கியம்.

2 மார்ச், ஞாயிறு

அம்மா மார்க்கெட் போயிருந்தாள். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவருடைய இடப்பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முகம் அவர் முகத்துக்கு நேராக. டேப்பைக் கொண்டுபோகவில்லை.

"அப்பா."

பார்த்தார்.

"வேல்ராஜ்கிட்ட பேசுறதுக்கு முன்னால ஒங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லல. அது தப்பு."

கண் அசையவில்லை. அம்மா சொன்ன அதே முறைப்பு. இத்தனை கிட்டத்தில், இத்தனை முழுசாக.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும்.

"ஆனா கல்யாணம் வேண்டாங்கிறது வேண்டாந்தாம்ப்பா. அது மாறல."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெதுவாக, கழுத்து இழுக்க, சாருலதா மேடம் சொல்லிக்கொடுத்தது போல முழுக்க — அந்தப் பக்கம். 'அதான்' கூடச் சொல்லவில்லை.

இது நோய் இல்லை. இது அப்பா. என்னோடு பேசாமல் இருக்கிறார்.

நான் எழுந்திருக்கவில்லை. வெளியே யாரோ தண்ணீர் குடத்தை உருட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு டிவியில் விளம்பரம் முடிந்து மறுபடி விளம்பரம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, நான் போய்விட்டேனா என்று திரும்பிப் பார்த்தார்.

போகவில்லை.